டிக்லெட் பிடிக்கப் போகிறவர்களுக்கு

பிராணிகளைப் பிடித்து வளர்த்துச் சண்டைக்கு விடுகிற போக்கிமான் ஆட்டத்தில் வெர்மிலியன் நகரத்துக்கு வந்து சேர்ந்ததும் எல்லோரும் நேராகத் துறைமுகத்துக்கு ஓடுவார்கள். கப்பல் நிற்கிறது, வழியில் பில் என்பவர் கொடுத்த டிக்கெட் கையில் இருக்கிறது, ஏறிப் பார்க்கத்தான் தோன்றும். கப்பல் எங்கேயும் போய்விடாது. முதலில் கிழக்கே போங்கள். ஊரைத் தாண்டி ரூட் 11-இல் கால் வைத்தவுடனே மேல்பக்கம் ஒரு குகை வாய் தெரியும். அதுதான் டிக்லெட் குகை. உள்ளே மண்ணைத் துளைக்கிற டிக்லெட்டும், அது வளர்ந்தால் ஆகிற டக்ட்ரியோவும் தவிர வேறு ஒன்றும் கிடையாது. அங்கே பிடிக்கிற ஒரு டிக்லெட்டை ஆட்டம் முடிகிற வரை கூடவே வைத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

நான் சொல்வதெல்லாம் போக்கிமான் ஃபயர்ரெட் ஆட்டத்தை வைத்து. 1996-இல் ஜப்பானில் வந்த முதல் ஆட்டத்தைத் திரும்பச் செய்து 2004-இல் விட்டார்கள். ஷார்ஜாவில் வேலை பார்த்த என் சித்தப்பா அதற்கு அடுத்த வருஷம் லீவுக்கு வந்தபோது ஒரு கேம் பாய் அட்வான்ஸ் எஸ்.பி.யும் இந்த ஒரு கேட்ரிஜும் கொண்டுவந்தார். எங்கள் ஊர் பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை. வீட்டில் தமிழ், தெருவில் தமிழும் மலையாளமும், ஆட்டத்தில் இங்கிலீஷ். எந்த மொழியிலும் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாததால் ஒவ்வொன்றையும் தோற்றுத் தோற்றுத்தான் கற்றேன். இந்த கேட்ரிஜில் சேவ் ஆவதற்கு பேட்டரி தேவையில்லை. அதனால் அன்றைக்குப் பிடித்த டிக்லெட் இன்றைக்கும் உள்ளே இருக்கிறது.

இப்போது ஏழாவது படிக்கிற என் அண்ணன் மகன் அதே எஸ்.பி.யை வைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆடுகிறான். போன மாதம் ஒரு சாயங்காலம் ஓடிவந்து, "அத்தை, இந்த எலி ஓடவே விடமாட்டேங்குது" என்றான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அது ஏன் ஓட விடவில்லை என்று பார்ப்போம். ரூபி, சஃபையர் என்ற ஆட்டங்கள் வந்த காலத்திலிருந்து ஒவ்வொரு போக்கிமானுக்கும் ஒரு எபிலிட்டி, அதாவது தனித் திறன், உண்டு. டிக்லெட்டுக்கு இரண்டில் ஒன்று அமையும்: சேண்ட் வெயில் அல்லது அரீனா ட்ராப். அரீனா ட்ராப் உள்ளது எதிரே நின்றால் உங்கள் போக்கிமான் தப்பி ஓட முடியாது, மாற்றிக்கொள்ளவும் முடியாது. பறப்பவை, மிதக்க வைக்கிற லெவிடேட் உள்ளவை இரண்டுக்கும் அது செல்லாது. காலடி மண்ணையே பறித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலே ஊன்றாதவனை அது என்ன செய்ய முடியும்?

அண்ணன் மகனுக்குத் தொல்லையாகத் தெரிந்த இதுதான் நமக்கு அடையாளம். நல்ல டிக்லெட் எது என்று பிடிப்பதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். தரையில் நடக்கிற ஒன்றை முதல் இடத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள். பிட்ஜியோட்டோ, பட்டர்ஃப்ரீ மாதிரிப் பறப்பது முதலில் இருக்கக் கூடாது. டிக்லெட் வந்ததும் முதல் வேலையாக ரன் அழுத்துங்கள். அரீனா ட்ராப் தடுக்கிறது என்று வரி வந்தால், நமக்கு வேண்டியது அதுதான். பிடிக்கிற பந்தை எடுங்கள். ஓட முடிந்துவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை, பத்து அடி நடந்தால் அடுத்தது வரும். சேண்ட் வெயில் மணற்புயல் அடிக்கும்போது மட்டுமே உதவும். இந்த ஆட்டத்தில் அதற்கு வேலை மிகக் குறைவு. அரீனா ட்ராப்தான் வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

எந்த லெவலில் பிடிப்பது? அந்தக் குகையில் டிக்லெட் 15 முதல் 22 வரை வரும். 17-க்குக் கீழே இருந்தால் விட்டுவிடுங்கள். டிக் என்ற மூவை, அதாவது சண்டையில் போடுகிற அடியை, அது 17-இல்தான் கற்கிறது. அதற்கு மேல் பிடித்தால் டிக்கும் மேக்னிட்யூட் என்ற இன்னொரு மண் அடியும் கையோடு வரும், நாம் ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

அடுத்தது, எதை வைத்துப் பிடிப்பது. இதில்தான் நிறைய பேர் தவறுகிறார்கள். லெவல் 18 டிக்லெட்டின் மொத்த ஹெச்.பி.யே, அதாவது உயிரே, 35 பக்கம்தான். ஸ்குவர்ட்டில் ஒரு வாட்டர் கன் அடித்தால் பிடிப்பதற்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. பல்பசார் வைன் விப் அடித்தாலும் அதே கதை. சார்மேலியனையும் பிகாசூவையும் எதிரே நிறுத்தினால் அவைதான் விழும், டிக்லெட்டின் மண் வகை அடி இரண்டுக்கும் ஆகாது. அரீனா ட்ராப்பில் மாட்டிக்கொண்டால் மாற்றவும் முடியாது. நான் சொல்வது, அடிக்கவே அடிக்காதீர்கள். டிக்லெட்டின் பிடிபடும் எண் 255, ஆட்டத்திலேயே அதற்கு மேல் இல்லை. ஹெச்.பி. முழுதாக இருக்கும்போதே சாதாரணப் பந்தில் மூன்றுக்கு ஒன்று விழும். தூங்க வைத்துவிட்டால் மூன்றுக்கு இரண்டு. பல்பசார் 15-வது லெவலில் ஸ்லீப் பவுடர் கற்றுவிடும். ஃபயர்ரெட்டில் கிடைக்கிற ஆடிஷுக்கு அது 18-இல் வரும். புல்லோடு விஷ வகையும் சேர்ந்தவை என்பதால் மண் அடி இவற்றின் மேல் பலமாகவும் விழாது, குறையவும் குறையாது. பந்து ஒன்று 200. பத்து வாங்கிக்கொண்டு போனால் தாராளம்.

டக்ட்ரியோவையே நேராகப் பிடித்துவிடலாமே என்று அண்ணன் மகன் கேட்டான். பிடிக்கலாம். நூற்றுக்கு ஐந்து தடவைதான் வரும், லெவல் 29 அல்லது 31. அதற்கு ஒரு வழி இருக்கிறது. ரிப்பெல் போட்டால், நம் வரிசையில் முதலில் நிற்பதைவிட லெவல் குறைந்த காட்டுப் போக்கிமான் எதுவும் எதிரே வராது. குகையில் டிக்லெட் 22-உடன் நின்றுவிடுகிறது இல்லையா? அதனால் 23-இலிருந்து 29-க்குள் இருக்கிற ஒன்றை முன்னால் வைத்து ரிப்பெல் அடித்து நடந்தால், வருவதெல்லாம் டக்ட்ரியோதான். இதைக் கண்டுபிடித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆனால் உள்ளே போவதற்கு முன் கண்டிப்பாக சேவ் செய்யுங்கள். டக்ட்ரியோ பிடிபடும் எண் 50-தான், பந்து நிறையச் செலவாகும். 31 லெவல் டக்ட்ரியோவிடம் அரீனா ட்ராப்பும் இருந்துவிட்டால் சின்ன டீம் முழுவதும் விழுந்துவிடும். இந்த வேட்டைக்கு மட்டும் பறப்பதை முன்னால் வைக்கலாம். மண் அடி படாது, வேண்டாம் என்றால் மாற்றிக்கொள்ளலாம்.

என்றாலும் சின்னதைப் பிடித்து வளர்ப்பதுதான் எனக்குப் பிடிக்கும். 26-வது லெவலில் அந்த ஒற்றைத் தலை மூன்று தலையாகிற கணத்தைக் கூட இருந்து பார்க்க வேண்டும். ஒரு விஷயம். பூமி உலுக்குகிற எர்த்குவேக் மூவை டிக்லெட்டாகவே இருந்தால் 41-இல் கற்கும், டக்ட்ரியோ ஆகிவிட்டால் 51-இல்தான். அதற்காக பி பட்டனை அழுத்தி அழுத்தி வளர விடாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. வேண்டாம். 41 வரை அந்தச் சின்ன உடம்போடு ஒவ்வொரு சண்டையிலும் விழுந்துகொண்டே இருக்கும். எர்த்குவேக் வேறு வழியில் கிடைக்கும், பின்னால் சொல்கிறேன்.

வளர்க்கும் முறைக்கு வருவோம். டிக்லெட்டின் அடிப்படை எண்களில் இரண்டை மனசில் வைத்துக்கொண்டால் போதும்: வேகம் 95, ஹெச்.பி. 10. இந்த 10 என்பது மிகச் சொற்பம். தற்காப்பும் 25-தான். டக்ட்ரியோ ஆனால் வேகம் 120, ஹெச்.பி. 35. அதாவது எப்போதுமே முந்தி அடிக்கும், எப்போதுமே அடி தாங்காது. டிக்லெட் வைத்து ஆடுவது என்றால் அடி வாங்காமல் ஆடக் கற்பதுதான். எதிரே வருவது என்ன டைப் என்று பார்த்து, நமக்கானது என்றால் இறக்கு, இல்லையென்றால் எடுத்துவிடு. எலெக்ட்ரிக், ஃபயர், பாய்சன், ராக், ஸ்டீல் நமக்கானவை. வாட்டர், கிராஸ், ஐஸ் வந்தால் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

டிக் மூவை எப்படிப் போடுவது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். முதல் சுற்றில் மண்ணுக்குள் போகும், அடுத்த சுற்றில் வெளியே வந்து அடிக்கும். உள்ளே இருக்கும்போது அநேகமாக எந்த அடியும் படாது. எதிரி நம்மைவிட மெதுவானவன் என்றால், அவன் அந்தச் சுற்றில் அடிப்பதற்குள் நாம் உள்ளே போயிருப்போம், அடுத்த சுற்றில் அவனுக்கு முன்பே மேலே வந்து அடித்துவிடுவோம். அவன் நம்மை அடிக்க முடிவது அதற்குப் பிறகுதான், அதுவும் எழுந்து நின்றால். எதிரி நம்மைவிட வேகம் என்றால் நாம் உள்ளே போவதற்கு முன் ஒரு அடி வாங்கித்தான் ஆக வேண்டும். இந்தக் கணக்கு தெரியாமல்தான் நான் சர்ஜிடம் தோற்றேன்.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு ஊர் ஜெயிக்க வேண்டிய சண்டைக் கூடத்துக்கு ஜிம் என்று பெயர். வெர்மிலியன் ஜிம்மின் தலைவர் லெப்டினன்ட் சர்ஜ் மூன்று வைத்திருப்பார்: வோல்ட்டார்ப் 21, பிகாசூ 18, ராய்சூ 24. மூன்றும் எலெக்ட்ரிக். மண் வகைக்கு மின்சாரம் படவே படாது. ஷாக் வேவ் ஒன்றும் செய்யாது, தண்டர் வேவ் போட்டு முடக்கவும் முடியாது. இதை நம்பி லெவல் 20 டிக்லெட்டோடு உள்ளே போனேன். வோல்ட்டார்ப்பிடம் சானிக் பூம் என்று ஒன்று இருக்கிறது. அது மின்சாரம் கிடையாது. யார் மேல் விழுந்தாலும் சரியாக 20 ஹெச்.பி. குறையும். என் டிக்லெட்டிடம் இருந்தது 37. வோல்ட்டார்ப் டிக்லெட்டைவிட வேகம், ஒரு டிக்கில் விழவும் இல்லை. ஒவ்வொரு தடவை மண்ணுக்குள் போவதற்கு முன்னாலும் ஒரு பூம் விழுந்தது. இரண்டு பூமில் டிக்லெட் போய்விட்டது. இரண்டு நாள் இதே மாதிரி தோற்றேன். வாசலில் உட்கார்ந்து அழுதேன், அப்பா கூப்பிட்டும் சாப்பிடப் போகவில்லை.

அதனால் இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன்: 26 ஆகி டக்ட்ரியோ ஆன பிறகு சர்ஜிடம் போங்கள். ரூட் 11-இலேயே சண்டைக்கு நிற்கிற ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், லெவல் ஏற அதுவே போதும். பெரிய டக்ட்ரியோ வந்துவிட்டால் வோல்ட்டார்ப் ஒரே அடி. ராய்சூவின் க்விக் அட்டாக்கும் அப்போது தாங்கும். காத்திருக்க முடியாது, டிக்லெட்டோடுதான் போவேன் என்றால், வோல்ட்டார்ப்பை வேறு ஒன்றை வைத்து முடித்துவிட்டு, பிகாசூ வரும்போது டிக்லெட்டை இறக்குங்கள்.

ஜிம்முக்குள் போக வாசலில் நிற்கிற மரத்தை வெட்ட வேண்டும். அதற்குக் கட் என்ற மூவ் வேண்டும். அதைக் கொடுப்பவர் கப்பல் கேப்டன். குமட்டலில் தவிக்கிற அவர் முதுகைத் தடவிக் கொடுத்தால் தருவார். ஜிம்முக்குப் போகும்போதுதான் இது தேவை, அதனால்தான் கப்பலை அப்புறம் பார்க்கலாம் என்றேன். டிக்லெட்டே கட் கற்கும். ஆனால் ஒரு தடவை கற்றால் ஃபுஷியா நகரத்தில் மூவ் மறக்கடிப்பவரைப் பார்க்கிற வரை அது போகாது. மூவுக்கு இருக்கிற நாலு இடத்தில் ஒன்றை அதற்குக் கொடுப்பது வீண். வேறு எதற்காவது கற்றுக்கொடுங்கள். உள்ளே குப்பைத் தொட்டிகளில் இரண்டு சுவிட்சைத் தேட வேண்டும். முதல் சுவிட்ச் கிடைத்தால் இரண்டாவது அதற்குப் பக்கத்துத் தொட்டியில் இருக்கும், தவறினால் முதலிலிருந்து.

கட் கிடைத்ததும் டிக்லெட் குகையை மேற்கு முனை வரை நடந்து பாருங்கள். ப்யூட்டர் நகரத்துக்குப் பக்கத்தில் ரூட் 2-இல் வெளியே வருவீர்கள். அங்கே மரத்தை வெட்டிக்கொண்டு கீழே இறங்கினால் பேராசிரியர் ஓக்கின் உதவியாளர் இருப்பார். பத்து வகை பிடித்திருந்தால் வெளிச்சம் காட்டுகிற ஃப்ளாஷ் தருவார். பின்னால் வருகிற ராக் டனல் குகை கும்மிருட்டு, இது இல்லாமல் போகாதீர்கள்.

எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். கிழக்குப் பாலக்காட்டில் எங்கள் மண் கரிசல். அப்பா கடலைக்காய் போடுவார். காய் முற்றுகிற சமயத்தில் வரப்பு ஓரமெல்லாம் வளை விழும். காலை ஊன்றினால் பொசுக்கென்று உள்ளே இறங்கும். பக்கத்துத் தோட்டத்து மலையாளத்துச் சேச்சி அந்த எலியைத் துரப்பன் என்பார். துரப்பணம் என்று நாம் சொல்கிறோமே, அதே துளைப்பதுதான். டிக்லெட் தரைக்கு மூன்றடி கீழே இருந்து வேரைத் தின்னும் என்று போக்கிமான்களைப் பற்றிய குறிப்பேடான போக்கேடெக்ஸில் படித்தபோது, துரப்பன்தான் என்று உடனே தோன்றியது. ரூபி ஆட்டத்தில் வேறு மாதிரி இருக்கிறது. டிக்லெட் துளைத்துப் போன மண் உழுத மண்ணைப் போலாகிவிடும், காய்கறி நன்றாக விளையும், அதனால் பண்ணைகளில் அதை வளர்க்கிறார்கள் என்று. அப்பாவுக்குப் படித்துச் சொன்னேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "அப்படி ஒண்ணு இருந்தா நம்ம தோட்டத்துலயும் விடலாம் கண்ணு" என்றார். அண்ணன் மகன் தன் டிக்லெட்டுக்குத் துரப்பன் என்றே பெயர் வைத்திருக்கிறான். பெயருக்குப் பத்து எழுத்து இடம் உண்டு, இங்கிலீஷில் அது ஒன்பது எழுத்தில் முடிந்துவிடுகிறது.

சர்ஜுக்குப் பிறகு என்ன? பறப்பவை வந்தால் டக்ட்ரியோவின் மண் அடி எதுவும் படாது. ராக் டனல் முழுவதும் சூபாட் வந்து உயிரை எடுக்கும். ப்யூட்டர் ஜிம்மின் ப்ராக் தோற்றபோது ராக் டோம் என்று ஒரு டி.எம்., அதாவது மூவ் கற்றுக்கொடுக்கிற பொருள், கொடுத்தாரே, 39-ஆம் எண், அதை யாருக்கும் கொடுக்காமல் டிக்லெட்டுக்கு என்று வைத்திருங்கள். பறப்பவற்றுக்கு அது பலமாக விழும், எதிரியின் வேகத்தையும் குறைக்கும். டி.எம். ஒன்றை ஒரு தடவைதான் பயன்படுத்த முடியும் என்பதால் இதை முன்கூட்டியே சொல்கிறேன். அதே டனலில் ஜியோடூட் எதிரே வரும்போது டிக் போடாதீர்கள். அது மேக்னிட்யூட் போட்டால் மண்ணுக்குள் இருப்பவன் மேல் இரண்டு மடங்காக விழும். அங்கே நாமே மேக்னிட்யூட் போடுவது நல்லது. அதன் பலம் 10-இலிருந்து 150 வரை எதுவாகவும் விழலாம், பெரும்பாலும் 70-ஐ ஒட்டி வரும். காட்டில் வருகிற வோல்ட்டார்ப் தன்னையே வெடித்துக்கொள்ளும். அதற்கு மட்டும் டிக் சரியான பதில், உள்ளே இருந்தால் வெடி படாது. குகையில் வழி தவறினால் சண்டைக்கு வெளியிலும் டிக் போடலாம், வாசலுக்கே கொண்டுவந்து விட்டுவிடும்.

லாவெண்டர் கோபுரத்தில் டக்ட்ரியோவைப் பின்னால் வைத்துவிடுங்கள். காஸ்ட்லியும் ஹான்ட்டரும் பாய்சன்தானே என்று இறக்கினால், லெவிடேட் இருப்பதால் மண் அடி எதுவும் படாது. இன்னொரு ஜிம் தலைவரான கோகாவிடமும் இதே கவனம் வேண்டும். அவரிடம் இருக்கிற இரண்டு காஃபிங்கும் வீசிங்கும் மிதப்பவை. மக் மட்டும்தான் நமக்கு. எரிக்காவின் புல் ஜிம்முக்கு வேண்டவே வேண்டாம். ஜிம் தலைவர் ப்ளெய்ன் வரும்போது நம் ஆள் தலைநிமிரலாம்: நாலும் நெருப்பு. கடைசியில் வருகிற ஆர்கனைன் 47, அது வந்தவுடன் இன்டிமிடேட் போட்டு நம் அட்டாக்கைக் குறைக்கும். அதற்கு மட்டும் வேறு ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்.

கடைசி ஜிம் ஜியோவானி. அவருடைய ஐந்தில் 42 லெவல் டக்ட்ரியோ ஒன்றும் இருக்கிறது. முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இங்கே டக்ட்ரியோவை எதிர்த்து டக்ட்ரியோவை நிறுத்தாதீர்கள், யார் முந்துகிறார்களோ அவர்கள் கை. நீர் வகை ஒன்று இருந்தால் இந்த ஜிம் சுலபமாக முடியும். அவரை வென்றதும் டி.எம். 26 தருவார். அதுதான் நான் சொன்ன எர்த்குவேக். பலம் 100, தவறவே தவறாது, இரண்டு சுற்று காத்திருக்கவும் வேண்டாம்.

டி.எம். கையில் வந்ததும் டிக் இருந்த இடத்தில் அதை வையுங்கள். மேக்னிட்யூட் இருக்கட்டும், ராக் டோமும் ஸ்லாஷும் இருக்கட்டும். இருவர் இருவராக நிற்கிற சண்டையில் மட்டும் எர்த்குவேக் பக்கத்தில் நிற்கும் நம் ஆளையும் சேர்த்து அடிக்கும், அங்கே பறக்கிற ஒன்றைக் கூட்டு சேருங்கள். அண்ணன் மகனின் துரப்பன் இப்போது 24-இல் நிற்கிறது. இன்னும் இரண்டு லெவல். ஞாயிற்றுக்கிழமை நான் வந்த பிறகுதான் அதைச் சண்டைக்கு இறக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.